மூன்று மெஷின், ஒரு டிஸ்க்: திருவண்ணாமலை ஸ்டுடியோவில் பார்த்தது

திருமஞ்சன கோபுரத்துக்குத் தெற்கே போகும் தெருவில், ஒரு பூக்கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது அந்த ஸ்டுடியோ. முகூர்த்த நாள் என்றால் விடிவதற்கு முன்பே ஷட்டரைத் தூக்கிவிடுவார்கள். மொட்டை, காதுகுத்து, கோயிலில் நடக்கும் கல்யாணம் என்று வேலை ஓயாது. கார்த்திகை தீபத்தை ஒட்டிய பத்து நாளும் கேட்கவே வேண்டாம். வீடியோ எடுப்பவர்களும் எடிட் செய்பவர்களும் தரையில் பாய் விரித்துத்தான் படுப்பார்கள். அந்தப் பத்து நாள் தொடங்குவதற்கு முன்பே நான் போய்விட்டேன்.

போனதன் காரணம் ஒரு ஹார்ட் டிஸ்க். 2 டிபி கொள்ளளவு, உள்ளங்கையில் அடங்கும் சாதாரண எக்ஸ்டர்னல் டிஸ்க். அதை மூன்று மெஷின்களில், நான்கு ஆப்பரேட்டிங் சிஸ்டங்களில் மாற்றி மாற்றிச் செருகி வேலை செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். தமிழ்நாட்டின் சிறு நகரங்களில் ஸ்டுடியோ, டிடிபி கடை, பிரிண்டிங் பிரஸ், கல்லூரி விடுதி என எங்கே பார்த்தாலும் இதுதான் நிலைமை. ஒரே மாதிரி மெஷின்களை ஒரே நாளில் வாங்க யாருக்கு வசதி? ஒன்று புதிது, ஒன்று பழையது, ஒன்று யாரோ கொடுத்தது. இவற்றுக்கு நடுவில் ஓடிக்கொண்டிருக்கும் அந்த டிஸ்கில்தான் உண்மையான சொத்து இருக்கிறது.

இங்கே இருக்கும் முதல் மெஷின் ஸ்டுடியோவின் டெஸ்க்டாப். அதில் விண்டோஸ் 10. அதற்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதி நிறுத்தியது. அந்த மெஷின் விண்டோஸ் 11-க்குத் தகுதி பெறவில்லை. ஆல்பம் டிசைனுக்கு ஃபோட்டோஷாப் வேண்டும் என்பதால் விண்டோஸை வைத்துக்கொண்டு, பக்கத்திலேயே உபுண்டுவையும் போட்டுவிட்டார் ஸ்டுடியோக்காரரின் அக்கா மகள். கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறார். இரண்டாவது மெஷின் அவருடையது. அவருடைய அண்ணன் பள்ளியில் வாங்கிய அரசு லேப்டாப், இப்போது அதில் லினக்ஸ் மின்ட் ஓடுகிறது. மூன்றாவது, வாரத்தில் சில நாள் வந்துபோகும் ஆல்பம் டிசைனரின் மேக்புக்.

அரசு லேப்டாப்பைப் பற்றி இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். 2011 செப்டம்பர் 15-ஆம் தேதி அந்தத் திட்டம் தொடங்கியபோதே, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் விண்டோஸும் சேர்ந்தே அந்த மெஷின்களில் வந்தன. ஒரே மெஷினில் இரண்டு சிஸ்டம் என்ற அனுபவம் தமிழ்நாட்டின் கிராமத்துப் பிள்ளைகளுக்கு அப்போதே கிடைத்துவிட்டது. இரண்டுக்கும் பொதுவாக ஃபைல்களை எங்கே, எப்படி வைப்பது என்பதைத்தான் யாரும் உட்காரவைத்துச் சொல்லவில்லை. இந்தப் பெண் கற்றுக்கொண்டது பெரும்பாலும் தமிழில் படித்துத்தான். 2012 முதல் வரும் கணியம் இதழின் கட்டுரைகளை லேப்டாப்பில் சேமித்து வைத்திருக்கிறார்.

டிஸ்கின் மேல் ஒரு வெள்ளை ஸ்டிக்கர். அதில் பேனாவால் எழுதியிருந்தது: “கேட்டாலும் ஃபார்மட் பண்ணாதே.”

“இது எதுக்கும்மா?” என்றேன்.

“மொதல்ல இந்த டிஸ்க் முழுக்க லினக்ஸ் ஃபார்மட்டுல இருந்துச்சு சார். மாமா விண்டோஸ்ல போட்டாரு. ஃபார்மட் பண்ணட்டுமான்னு கேட்டுச்சு. நல்லவேளை, என்னைக் கூப்பிட்டாரு.”

லினக்ஸின் இஎக்ஸ்டி4 முறையில் ஃபார்மட் செய்த பார்ட்டிஷனை விண்டோஸுக்கும் தெரியாது, மேக்குக்கும் தெரியாது. தெரியாததைக் காலி டிஸ்க் என்று எண்ணிக்கொண்டு, பயன்படுத்த வேண்டுமானால் ஃபார்மட் செய் என்று விண்டோஸ் கேட்கும். படிக்க முடியவில்லை என்று மேக் சொல்லும். அதே பெட்டியில் டிஸ்கைத் துடைக்க வழி திறக்கும் பட்டனையும் காட்டும். அவசரத்தில் என்டரைத் தட்டும் கைக்கு, ஒரு வருடத்துக் கல்யாணங்கள் போய்விடும். பல ஃபார்மட்டுகளைக் கலந்து வைத்திருக்கும் எந்த டிஸ்குக்கும் இந்த ஸ்டிக்கர் அவசியம் என்பது என் கருத்து.

இப்போது டிஸ்க் இரண்டாகப் பிரிந்திருக்கிறது. பெரிய பகுதி எக்ஸ்ஃபேட், சிறிய பகுதி இஎக்ஸ்டி4. ஏன் எக்ஸ்ஃபேட் என்று கேட்டதற்கு, அவர் மற்றவற்றை ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினார். ஃபேட்32-ஐ எல்லா மெஷினும் படிக்கும், ஆனால் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்டக் கூடாது. தேரோட்டத்தை ஒரே ஷாட்டாக எடுத்தால் அரை மணிக்குள் தாண்டிவிடும். என்டிஎஃப்எஸ் விண்டோஸுக்கு நன்றாக இருக்கும், லினக்ஸிலும் எழுதலாம், மேக் அதைப் படிக்க மட்டும் செய்யும். டிசைனர் ஆல்பத்தை முடித்துவிட்டு அதே டிஸ்கில் சேமிக்க முடியாமல் திண்டாடிய கதையை ஸ்டுடியோக்காரர் சொன்னார். எக்ஸ்ஃபேட்டை மட்டும் இந்தத் தடைகள் இல்லாமல் நான்கு சிஸ்டமும் படிக்கும், எழுதும். மைக்ரோசாஃப்ட் 2006-இல் கொண்டுவந்தது அது. 2019-இல் அதன் விவரக்குறிப்பை வெளியிட்ட பிறகு லினக்ஸ் கெர்னலுக்குள்ளேயே அதற்கு இடம் கிடைத்தது. 2020-இல் வந்த 5.7 கெர்னலில் சாம்சங் எழுதிய நல்ல டிரைவரும் சேர்ந்தது. கேமராவுக்குள் போகும் 64 ஜிபி, 128 ஜிபி கார்டுகள் எல்லாம் எக்ஸ்ஃபேட்டாகத்தான் வருகின்றன. ஆக ஸ்டுடியோவுக்குள் அது ஏற்கனவே குடியிருக்கிறது.

அதற்கும் குறை உண்டு. பாதியில் கரண்ட் போனால் எங்கே விட்டோம் என்று பார்த்துச் சரிசெய்ய என்டிஎஃப்எஸ்ஸிலும் இஎக்ஸ்டி4-இலும் ஜர்னல் என்ற குறிப்பேடு இருக்கிறது. எக்ஸ்ஃபேட்டில் அது கிடையாது. சின்னச் சின்ன ஃபைல்கள் நிறைய இருந்தால் இடமும் வீணாகும்; பெரிய டிஸ்கை விண்டோஸில் ஃபார்மட் செய்தால் ஒரு ஃபைலுக்குக் குறைந்தது 128 கேபி ஒதுக்கப்படும். வீடியோவுக்கு அது பொருட்டே இல்லை. ஆயிரக்கணக்கான குட்டி ஃபைல்களை வைத்திருக்கும் மாணவர் கவனிக்க வேண்டும்.

அடுத்து நான் பார்த்ததுதான் இந்த விஷயத்தின் மையம் என்பேன். சிறிய பகுதியான இஎக்ஸ்டி4-ஐ லினக்ஸ் மெஷின்கள் இரண்டும் மட்டும் பயன்படுத்துகின்றன. இரண்டும் லினக்ஸ்தானே, பிரச்சினை வராது என்று நானும் நினைத்தேன். அவர் லேப்டாப்பில் ஒரு ஃபோல்டரை உருவாக்கி, அதில் ஒரு ஃபைலைச் சேமித்து, டிஸ்கை எடுத்து டெஸ்க்டாப்பின் உபுண்டுவில் செருகினார். மாமாவின் லாகினில் அந்த ஃபைலைத் திறக்க முடிந்தது. திருத்திச் சேமிக்கப் போனால் அனுமதி இல்லை என்று வந்தது. உரிமையாளர் யார் என்று பார்த்தால், பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 1001 என்ற எண் மட்டும் நின்றது.

“சிஸ்டத்துக்கு நம்ம பேரு தெரியாது சார். நம்பர் மட்டும்தான் தெரியும்,” என்றார்.

விஷயம் இதுதான். உபுண்டு, மின்ட் போன்றவற்றில் முதலில் உருவாக்கும் பயனருக்கு 1000 என்ற எண், அடுத்தவருக்கு 1001. லேப்டாப்பில் முதல் ஆள் அண்ணன், தங்கை இரண்டாவது. டெஸ்க்டாப்பில் முதல் ஆள் மாமா. டிஸ்கில் ஒவ்வொரு ஃபைலின் மேலும் எழுதப்படுவது இந்த எண் மட்டுமே. எந்த மெஷினில் செருகுகிறோமோ, அந்த மெஷின் தன் பட்டியலைப் பார்த்து அந்த எண்ணுக்கு உரிய பெயரைப் போடும். டெஸ்க்டாப்பில் 1001 என்று யாரும் இல்லை. ஆகவே வெறும் எண் நிற்கிறது. அதைவிட யோசிக்க வேண்டியது இதன் மறுபக்கம். மாமா டெஸ்க்டாப்பில் வைத்த ஃபைல்கள் எல்லாம் லேப்டாப்பில் அண்ணனுடையவை என்றே காட்டும். இருவருக்கும் எண் 1000. அண்ணன் அவற்றை அழிக்க நினைத்தால் சிஸ்டம் தடுக்காது.

இதற்கு மூன்று வழிகள் உண்டு. ஒருவர் மட்டுமே பயன்படுத்தும் டிஸ்க் என்றால், இரண்டு மெஷினிலும் தன் பயனர் எண்ணை ஒன்றாக ஆக்கிக்கொள்ளலாம். லினக்ஸ் நிறுவும்போதே முதல் பயனராகத் தன்னை வைத்துக்கொண்டால் அது தானாக அமைந்துவிடும். பலர் பயன்படுத்தினால், இரண்டு மெஷினிலும் ஒரே எண்ணுள்ள ஒரு குழுவை உருவாக்கி, எல்லோரையும் அதில் சேர்த்து, டிஸ்கில் இருக்கும் ஃபோல்டரை அந்தக் குழுவுக்கு எழுதிவைக்கலாம். புதிதாக வரும் ஃபைல்களும் அதே குழுவின் கீழ் விழவும், குழுவில் எல்லோரும் திருத்தவும் ஃபோல்டரில் குறி வைத்துவிட வேண்டும். இவர் செய்திருப்பது இதைத்தான். மூன்றாவது, அடிக்கடி பார்க்கும் தவறான வழி: ஒவ்வொரு முறையும் நிர்வாகி அதிகாரத்தில் போய் எல்லா ஃபைலையும் எல்லோருக்கும் திறந்துவிடுவது. வேலை நடக்கும். ஆனால் கை தவறினால் யார் எதை அழித்தது என்றே தெரியாது.

இந்த எண்ணைப் பூட்டு என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. நிர்வாகி அதிகாரம் உள்ள எந்த மெஷினில் செருகினாலும் எல்லா ஃபைலையும் படிக்கலாம். வாடிக்கையாளர் வீட்டுப் படங்கள் இருக்கும் டிஸ்க் தொலைந்தால் என்ன ஆகும்? விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும் வெராகிரிப்ட் போன்ற ஒன்றில் பூட்டுவதுதான் சரி. இந்த ஸ்டுடியோ இன்னும் அதைச் செய்யவில்லை. செய்யச் சொல்லி வற்புறுத்திவிட்டு வந்தேன்.

வீட்டு ஃபோல்டரையே முழுசாக டிஸ்கில் வைத்து இரண்டு லினக்ஸிலும் பயன்படுத்தலாமே என்று கேட்டேன். முயன்று பார்த்து விட்டுவிட்டதாகச் சொன்னார். வீட்டு ஃபோல்டருக்குள் மறைந்திருக்கும் அமைப்பு ஃபைல்கள் அந்தந்த மெஷினின் மென்பொருள் பதிப்புக்கு ஏற்றவை. உபுண்டுவில் புதிய ஃபயர்ஃபாக்ஸ் எழுதிய அமைப்பைப் பழைய பதிப்பு ஏற்காது. திரை அளவு, ஒலி, டெஸ்க்டாப் அமைப்பு எல்லாம் ஒன்றையொன்று கெடுக்கும். ஆகவே அமைப்புகள் அந்தந்த மெஷினிலேயே இருக்கட்டும். படம், வீடியோ, ஆவணம் மட்டும் டிஸ்கில். டெஸ்க்டாப்பின் உபுண்டு தொடங்கும்போதே டிஸ்கைக் குறிப்பிட்ட இடத்தில் இணைக்கும்படி எஃப்எஸ்டேப் ஃபைலில் எழுதியிருக்கிறார். அந்த வரியில் நோஃபெயில் என்ற சொல்லைச் சேர்க்க மறந்தால், டிஸ்க் செருகாத நாளில் சிஸ்டம் 90 விநாடி காத்திருந்துவிட்டுத் தொடங்காமலே நின்றுவிடும்.

இனி சொல்வது தமிழில் ஃபைலுக்குப் பெயர் வைப்பவர்களுக்கே உரியது. ஆங்கிலத்தில் பெயர் வைத்தால் இது தலைகாட்டாது.

டிசைனர் மேக்கில் ஜிப் செய்து கொடுத்ததை லினக்ஸில் பிரித்திருக்கிறார்கள். திரையில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஃபோல்டர்கள்: கோபுரம், கோபுரம். எழுத்துக்கு எழுத்து ஒன்றே. ஒரே இடத்தில் ஒரே பெயரில் இரண்டு ஃபோல்டர் இருக்க முடியாது என்பது விதி. ஆனால் இருக்கின்றன. காரணம், யூனிகோடில் கோ என்பதை இரண்டு விதமாக எழுதலாம். க-வோடு ஓகாரக் குறியை ஒரே குறியாகச் சேர்ப்பது ஒன்று. க-வோடு ஏகாரக் குறி, பிறகு கால் என்று இரண்டாகப் பிரித்துச் சேர்ப்பது மற்றொன்று. நம் கண்ணுக்கு வேறுபாடு இல்லை. விண்டோஸ், லினக்ஸ் கீபோர்டுகள் பொதுவாக முதல் முறையில் எழுதுகின்றன. மேக் ஃபைல் பெயர்களைப் பிரித்து எழுதும் பழக்கம் உள்ளது. தமிழில் இப்படிப் பிரியக்கூடிய உயிர்க்குறிகள் மூன்றுதான்: ஒகரம், ஓகாரம், ஔகாரம். இந்த ஊரின் அன்றாடச் சொற்களைப் பாருங்கள். கொடியேற்றம், கோபுரம், பௌர்ணமி. மூன்றும் மாட்டிக்கொள்கின்றன. கோபுரம் என்று தேடினால் பாதிப் படம் கிடைக்கும், மீதி கிடைக்காது. தொலைந்துவிட்டதாக நினைத்துப் பதறுவார்கள். பிரிந்த பெயர்களை ஒன்றாக்க கான்வ்எம்வி என்ற சிறிய கருவி லினக்ஸில் இருக்கிறது. டிசைனரிடமிருந்து எது வந்தாலும் முதலில் அதை ஓட்டிவிட்டுத்தான் டிஸ்கில் வைக்கிறார்.

பெயரின் நீளமும் அப்படித்தான். விண்டோஸில் ஒரு பெயருக்கு 255 குறிகள் வரை இடம். இஎக்ஸ்டி4-இலும் 255 தான், ஆனால் அது பைட் கணக்கு. தமிழின் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒவ்வொரு உயிர்க்குறிக்கும் ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று பைட் ஆகும். திருவண்ணாமலை என்ற ஒரு சொல்லே 36 பைட். விண்டோஸில் யாரோ வைத்திருந்த ஒரு வீடியோவின் பெயர்: “அருள்மிகு அருணாசலேசுவரர் திருக்கோயில் கார்த்திகை தீபத் திருவிழா ஐந்தாம் நாள் இரவு வெள்ளி ரிஷப வாகனம்”. எக்ஸ்ஃபேட் பகுதியில் அது நிம்மதியாக இருந்தது. இஎக்ஸ்டி4 பகுதிக்குக் காப்பி எடுக்கும்போது பெயர் நீளம் என்று தவிர்க்கப்பட்டது. நானும் அவரும் எண்ணிப் பார்த்தோம்: எம்பி4 என்ற வால் உட்பட 282 பைட். பெயர் மரியாதையாகத்தான் இருக்கிறது, ஆனால் காப்பி எடுக்கப்படாத ஒரே வீடியோ அதுதான். இப்போது தேதியை முதலில் எண்ணில் எழுதி, பக்கத்தில் ஓரிரு சொல் மட்டும் வைக்கிறார்கள்: 2024-12-13 மகாதீபம். வருடம் முதலில் வருவதால் பட்டியலும் தானாக வரிசையாகிவிடுகிறது. முக்காற்புள்ளி, கேள்விக்குறி, நட்சத்திரக்குறி போன்றவற்றை விண்டோஸ் ஃபைல் பெயரில் அனுமதிக்காது என்பதால் அவற்றுக்கும் தடை.

தேதி என்றதும் கடிகாரம். டெஸ்க்டாப்பில் உபுண்டுவிலிருந்து விண்டோஸுக்கு மாறினால் நேரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் போய்விடும். மதர்போர்டில் இருக்கும் கடிகாரத்தை விண்டோஸ் இந்திய நேரமாக எடுத்துக்கொள்கிறது, லினக்ஸ் கிரீன்விச் நேரமாக எடுத்துக்கொள்கிறது. நெட் இணைந்ததும் சரியாகிவிடும், ஆனால் அதற்குள் சேமித்த ஃபைல்களில் தவறான நேரம் பதிந்திருக்கும். புதியதை வைத்துப் பழையதை மாற்று என்று காப்பி மென்பொருளுக்குச் சொன்னால், அது மதியம் செய்த திருத்தத்தைக் காலையில் செய்தது என்று நினைத்துத் தூக்கி எறியும். உபுண்டுவில் ஒரே ஒரு கட்டளையால் இரண்டையும் ஒரே கணக்குக்குக் கொண்டுவரலாம், செய்திருக்கிறார்கள்.

ஷட் டவுன் செய்த விண்டோஸ் உண்மையில் முழுதாக அணைவதில்லை என்பதும் பலருக்குத் தெரியாது. விண்டோஸ் 8 வந்த 2012 முதல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி இருக்கிறது. அது பாதியைத் தூங்கவைத்துவிட்டு அணைகிறது. அந்த நிலையில் இருந்த என்டிஎஃப்எஸ் டிஸ்கை லினக்ஸில் செருகினால், எழுத அனுமதிக்காது. சரியாகத்தான் செய்கிறது, எழுதவிட்டால் விண்டோஸ் திரும்ப விழிக்கும்போது இரண்டும் மோதி ஃபைல் கெடும். பவர் ஆப்ஷன்ஸில் போய் அதை அணைத்துவிட்டால் தொல்லை தீர்ந்தது.

நான் இருந்தபோது ஒரு கல்யாண வீடியோ காப்பி ஆகிக்கொண்டிருந்தது. உபுண்டுவில் பச்சைக் கோடு கடைசி வரை போய்விட்டது. உதவிக்கு வந்திருந்த பையன் ஒயரைப் பிடுங்கப் போனான்.

“தம்பி, லைட்டைப் பாரு!” என்று ஸ்டுடியோக்காரர் குரல் கொடுத்தார்.

டிஸ்கின் சின்ன விளக்கு இன்னும் துடித்துக்கொண்டிருந்தது. லினக்ஸ் எழுத வேண்டியதை முதலில் மெமரியில் வாங்கிக்கொண்டு, பிறகு மெதுவாக டிஸ்கில் இறக்கும். கோடு முடிந்தாலும் வேலை முடிந்திருக்காது. இஜெக்ட் கொடுத்துவிட்டு, இனி எடுக்கலாம் என்று அது சொல்லும் வரை நிற்க வேண்டும். விண்டோஸ் 10-இல் 2018-இல் வந்த 1809 பதிப்பு முதல் எக்ஸ்டர்னல் டிஸ்குகளுக்கு உடனுக்குடன் எழுதும் முறை வழக்கமாக்கப்பட்டது. அதை நம்பி லினக்ஸிலும் மேக்கிலும் பிடுங்கக் கூடாது. ஜர்னல் இல்லாத எக்ஸ்ஃபேட்டில் இது இரட்டை ஆபத்து.

இத்தனைக்குப் பதில் இன்டர்நெட்டில் ஏற்றிவைக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு கல்யாணத்துக்கு 100 ஜிபிக்கு மேல் எடுக்கிறார்கள். கிரிவலப் பாதை 14 கிலோமீட்டரும் மனிதத் தலையாக இருக்கும் பௌர்ணமி இரவில் போனில் பேசுவதே பாடு. டிஸ்க் கையில் இருந்தால்தான் வேலை நடக்கும்.

ஆனால் அந்த ஒரே டிஸ்கில் மட்டும் எல்லாம் இருப்பதை நான் ஏற்கவில்லை. இஎக்ஸ்டி4 பகுதியில் காப்பி இருக்கிறதே என்று ஸ்டுடியோக்காரர் சொன்னார். அதே டிஸ்கின் இன்னொரு பகுதியில் இருப்பது காப்பி ஆகாது. டிஸ்க் கீழே விழுந்தால் இரண்டும் சேர்ந்தே போகும். மூன்று மெஷினுக்கும் அலைகிற டிஸ்குக்குத்தான் விழும் வாய்ப்பும், ஒயர் தளர்ந்து நடுவில் துண்டிக்கும் வாய்ப்பும், வைரஸ் ஏறும் வாய்ப்பும் அதிகம். அது வேலை செய்யும் டிஸ்க். வீட்டில் அலமாரியில், வாரம் ஒருமுறை மட்டும் வெளியே வரும் இன்னொரு டிஸ்க் வேண்டும். தீபத்துக்கு முன்பே வாங்கிவிடுவதாகச் சொன்னார்கள்.

அந்தப் பெண்ணின் நோட்டில் இவை எல்லாம் தமிழில் இரண்டு பக்கத்துக்குள் இருக்கின்றன: எந்த ஃபார்மட், எந்த எண், பெயர் எப்படி, கழற்றுவது எப்படி. இரண்டு சிஸ்டம் போட்ட லேப்டாப்பை மாணவர் கையில் கொடுக்கும் அரசும் கல்லூரிகளும் அத்துடன் இப்படி இரண்டு பக்கத்தைத் தமிழில் அச்சடித்துக் கொடுக்க வேண்டும். அதற்கு ஆகும் செலவு காகிதச் செலவு மட்டுமே. அது வரும் வரை, பல மெஷின்களுக்குப் போகும் டிஸ்க் உங்கள் வீட்டில் இருந்தால், இன்றே அதில் உள்ளதை வேறொரு டிஸ்கில் காப்பி எடுத்துவிடுங்கள். பிறகு ஃபார்மட்டையும் பெயர்களையும் சரிசெய்யலாம்.